என்செலடஸும் ஒரு தங்கச் சுரங்கமும்

வணக்கம் ஐயா,

கொதிக்கும் ஊற்றிலும் அமிலத்திலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவ்வளவு மோசமான இடத்திலேயே உயிர் தாக்குப்பிடிக்கிறது என்றால் செவ்வாயிலோ சனியின் நிலவுகளிலோ கண்டிப்பாக இருந்தாகவேண்டுமே? விஞ்ஞானிகள் ஏன் இன்னும் தயங்குகிறார்கள்?

க. மு., கரூர்

அன்புள்ள க. மு.,

'இருக்கலாம்' என்பதுவரை உங்களோடு வருகிறேன். 'கண்டிப்பாக' என்பதற்கு வரமாட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் ம்போனெங் என்றொரு தங்கச் சுரங்கம் உண்டு. அங்கே 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை வெடிப்புக்குள் கிடந்த வெந்நீரில் 5,600 லிட்டரை வடிகட்டி டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தார்கள். 99.9 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஒரு வகை பாக்டீரியா! டெசல்ஃபோருடிஸ் என்று பெயர் வைத்து 2008இல் அறிவித்தார்கள். வெயில் எட்டாத இடத்தில் அதற்குச் சாப்பாடு ஏது? பாறையிலுள்ள யுரேனியம் சிதையும்போது வரும் கதிர்வீச்சு தண்ணீரை உடைக்கிறது, ஹைட்ரஜன் பிரிகிறது. அந்த ஹைட்ரஜனையும் பாறையிலிருந்து கிடைக்கும் சல்ஃபேட்டையும் வைத்தே அது காலம் தள்ளுகிறது. உடம்புக்கு வேண்டிய கார்பனையும் நைட்ரஜனையும்கூடச் சுற்றுப்புறத்திலிருந்து தானே பிடித்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆனால் அது அங்கே பிறந்ததல்ல. அப்படிப் பிடித்துக்கொள்வதற்கான மரபணுக்களில் சில, ஆர்க்கியா என்னும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டத்திடம் இருப்பவை. நாலு பேரோடு புழங்கி, கொடுத்து வாங்கிய பரம்பரைதான் பிற்பாடு தனியாளாக அடியில் குடியேறியிருக்கிறது. இப்படி ஒன்று பிழைத்துக்கிடப்பதை வைத்து, உயிர் முதன்முதலில் உருவாவது எவ்வளவு எளிது என்று கணிக்கவே முடியாது. தயக்கத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, சனியின் நிலவுக்கு வருவோம். என்செலடஸின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு அடிப்பதை காசினி விண்கலம் 2005இல் கண்டது. 2015இல் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போனது. அதில் ஹைட்ரஜன் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். பூமியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான் ஆகாரம், அங்கே இரண்டும் தாராளம். எல்லாரும் குதித்தார்கள். எனக்கு அந்தத் தாராளம்தான் இடிக்கிறது. வீட்டில் பசியோடு ஆள் இருந்தால் பானையில் இவ்வளவு சோறு மிஞ்சுமா? தின்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றும் வாதாடலாம், வாதாடுகிறார்கள்.

அப்புறம், தண்ணீர் இருந்தால் உயிரும் இருக்கும் என்ற நம்பிக்கை பூமியிலேயே எல்லா இடத்திலும் செல்லாது. எத்தியோப்பியாவின் டலோல் பகுதியில் அமிலமும் உப்பும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் குட்டைகளை ஆராய்ந்த ஒரு குழு, அங்கே உயிர் எதுவும் வாழவில்லை என்று 2019இல் எழுதியது.

வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராய யூரோப்பா கிளிப்பர் என்ற விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது, 2030இல் வியாழனை அடையும். உங்கள் கேள்விக்கு அதுவும் பதில் சொல்லாது. யூரோப்பா உயிர் வாழத் தோதான இடமா என்று பார்ப்பதுதான் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை.