கோப்பை அலமாரியும் பள்ளிக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பக்கத்தில் பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றைப் போய்ப் பார்த்தோம். திருச்சியில் நான் படித்த கான்வென்ட்டில் நுழைந்ததுமே ரேங்க் வாங்கியவர்களின் படங்கள்தான் கண்ணில் படும். இங்கே சுவர் முழுக்கக் கோப்பைகள். முதல்வர் பேசியதிலும் பாதி விளையாட்டு. "இது பள்ளியா, கிளப்பா?" என்கிறார் என் கணவர். மகளோ அங்கேதான் சேருவேன் என்று நிற்கிறாள். நாங்கள் இந்துக்கள், சமய வகுப்பு எல்லோருக்கும் கட்டாயமாம். என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கணவர் கேட்டதற்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு, ஜெர்சி சிட்டியின் செயின்ட் அந்தோணி உயர்நிலைப் பள்ளி. போலந்துக்காரர்களின் பங்குக் கோயிலைச் சார்ந்து 1952-ல் தொடங்கியது. நடத்தியவர்கள் ஃபெலிசியன் சபைக் கன்னியர்கள். இருபாலரும் படித்தார்கள். பழைய குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட, பின்னாளில் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகக் கறுப்பினத்தவர்.

கூடைப்பந்தில் 28 முறை மாநில சாம்பியன் ஆன பள்ளி அது. ஆனால் சொந்தமாக ஓர் உள்ளரங்கம் கிடையாது. ஒயிட் ஈகிள் ஹால் என்ற பழைய கூடத்தில் பிங்கோ என்ற எண் விளையாட்டு நடக்கும். அந்த மேசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு அதே மரத்தரையில் பையன்கள் பந்தைத் தட்டுவார்கள். 1989-ல் 32 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காத அணி இப்படிப் பயிற்சி எடுத்து வந்ததுதான்.

பயிற்சியாளர் பாப் ஹர்லி. 1972-ல் பொறுப்பேற்றவர், பள்ளி மூடும்வரை அவர்தான். பிழைப்புக்கு அவர் பார்த்த உத்தியோகம் வேறு: குற்றவாளிகளைச் சிறைக்கு வெளியே வைத்துக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரி. தெருவில் திசைமாறிய பையன் கடைசியில் எங்கே போய் நிற்பான் என்பதைப் பகலெல்லாம் கோப்புகளில் பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே தெருப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வருவார். கண்டிப்பு எப்படி இருந்திருக்கும்! பச்சை குத்திக்கொள்ளக் கூடாது. திட்டு விழுந்தால் அரங்கமே கேட்கும். நம்மூர் பி.டி. வாத்தியார்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். கல்லூரிகள் கூப்பிட்டும் போகவில்லை. அவருடைய மகன்கள் பாபி, டேன் இருவரும் அங்கே ஆடியவர்கள். பாபி டியூக் பல்கலைக்கழக அணியில் 1991, 1992-ல் தேசிய சாம்பியன். டேனின் பயிற்சியில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 2023, 2024-ல் அதே பட்டத்தை வென்றது. இதெல்லாம் பத்திரிகைக்குத் தீனி. எனக்கு முக்கியம், ஹர்லியிடம் ஆடியவர்களில் மிகச் சிலர் தவிர எல்லோருமே கல்லூரிக்குப் போனார்கள் என்பது. களமிறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனும் போனான். அங்கே விளையாட்டு படிப்பைத் தின்னவில்லை, பிடித்து இழுத்துவந்து வகுப்பில் உட்கார வைத்தது.

அப்படிப்பட்ட பள்ளியையே 2017-ல் மூடிவிட்டார்கள். தோற்று அல்ல, பணமில்லாமல். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் மலிவாக நடந்த காலத்தில் பாடம் எடுத்தவர்கள் கன்னியர்கள். அவர்களுக்குக் கொடுத்தது சம்பளம் என்று சொல்லக்கூடிய தொகையே அல்ல. 1965-ல் அந்த நாட்டில் கன்னியர் ஏறக்குறைய 1,80,000 பேர். 2015-ல் 50,000-க்கும் கீழே. அவர்கள் இடத்துக்கு வந்த ஆசிரியர்களுக்குக் குடும்பம் உண்டு, வாடகை உண்டு. கட்டணத்தை ஏற்றினால் ஏழைகள் நின்றுவிடுவார்கள், ஏற்றாவிட்டால் நன்கொடைக்குக் கையேந்த வேண்டும். செயின்ட் அந்தோணி கடைசிவரை கையேந்தியே ஓடியது. ஹர்லியே ஊர் ஊராக நிதி திரட்டினார். போதவில்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது கோப்பைகளை விட்டுவிடுங்கள். கட்டணம் போக மீதிச் செலவை யார் கொடுக்கிறார்கள்? ஐந்தாண்டில் மாணவர் எண்ணிக்கை கூடியதா, குறைந்ததா? கணக்கும் இயற்பியலும் எடுப்பவர்கள் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள்? மகள் விளையாட ஆசைப்பட்டால் பெண்கள் அணிக்கு நிலையான பயிற்சியாளர் உண்டா, அரங்கத்தில் அவர்களுக்கு எந்த நேரம் ஒதுக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு என்றால் வீட்டுப்பாடம் போச்சு.

பையன்களோடு படிப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நல்லது. வாடிகன்தான் ஒரு காலத்தில் அதற்கு முகம் சுளித்தது. 1929-ல் திருத்தந்தை பதினோராம் பயஸ் கல்வி பற்றிய தன் சுற்றுமடலில் இருபாலரும் சேர்ந்து படிக்கும் முறையைக் கிறிஸ்தவக் கல்விக்குக் கேடு என்றே எழுதினார். பின்னால் இடமும் பணமும் நெருக்க, எத்தனையோ பள்ளிகள் கதவைத் திறந்துவிட்டன.

சமய வகுப்பு: திருச்சியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போனபோது நீங்கள் நீதிபோதனை வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். அமெரிக்காவில் பொதுவாக அந்தப் பிரிவினை இல்லை. நான்கு வருஷமும் சமயம் ஒரு பாடம், தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. பூசைக்கும் எல்லோரும் போய் உட்கார வேண்டும், நற்கருணை வாங்க வேண்டியதில்லை. இதில் மகளுக்கு மறுப்பில்லை என்றால் சேர்க்கலாம். பாடத்திட்டத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பல பள்ளிகளில் மேல் வகுப்பில் உலக மதங்கள் என்று ஒரு பாடம் இருக்கும். இந்து மதத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உங்கள் கணவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.