ஆறு ஸ்பீக்கர், ஒரு ரிசீவர்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டில் ஹால், சாப்பாட்டு அறை, சிட்அவுட் ஆகிய மூன்று இடங்களிலும் ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டிரண்டாக ஆறு ஸ்பீக்கர்கள் பதித்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 8 ஓம். இவற்றை இயக்கும் ஆம்ப்ளிஃபையரான ரிசீவரின் பின்புறம் ‘6 – 16 ஓம்’ என்று அச்சிட்டிருக்கிறது. வயர்மேன் இடப்பக்க ஸ்பீக்கர்கள் மூன்றின் வயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரு முனையிலும், வலப்பக்க மூன்றை அதேபோல மறுமுனையிலும் கொடுத்துவிட்டார். சத்தத்தைக் கூட்டினால் சில நிமிடங்களில் ரிசீவர் தானாக அணைந்துவிடுகிறது. வேறு ரிசீவர் வாங்க வேண்டுமா?
– வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: வேண்டாம். உங்கள் ரிசீவர் கெட்டுப்போகவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே அது அணைகிறது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் மூன்றைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த மின்மறுப்பு (இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) சுமார் 2.7 ஓமாக இறங்கிவிடும். 6 ஓமுக்குக் குறையக் கூடாத கருவியிலிருந்து இரு மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தை அது இழுக்கும்.

அப்படியானால் இரண்டைத் தொடரிணைப்பில் கட்டி, மூன்றாவதைப் பக்க இணைப்பில் சேர்க்கலாமே என்று வயர்மேன் சொல்லக்கூடும். அப்போதும் மொத்தம் 5.3 ஓம்தான் வரும். அது மட்டுமல்ல, தனியாக நிற்கும் ஸ்பீக்கருக்குப் போகும் திறனில் கால் பங்குதான் தொடரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் என்பதால், ஹாலில் கச்சேரி, சிட்அவுட்டில் முணுமுணுப்பு என்றாகிவிடும். மூன்றையும் தொடரில் கட்டினால் 24 ஓம். ரிசீவருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒரு வயர் விட்டுப்போனால் மூன்றும் ஊமையாகிவிடும்.

நான் சொல்வது, ஒவ்வோர் இடத்துக்கும் சுவரில் மின்மறுப்பைப் பொருத்தும் வகை வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைப் பதிப்பதுதான். கடையில் கேட்கும்போது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதிலுள்ள ஜம்பரை (மடங்கைத் தேர்ந்தெடுக்க இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பை) மூன்றிலும் நான்கு மடங்குக்கு வையுங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் ரிசீவருக்கு 32 ஓமாகத் தெரியும், மூன்று சேர்ந்தால் 10.7 ஓம். இரண்டு மடங்கில் வைத்தால் மறுபடியும் அதே 5.3 ஓமில்தான் வந்து நிற்பீர்கள். நான்கு மடங்கில் உச்ச சத்தம் ஓரளவு குறையும் என்பது உண்மை; சாப்பிடும்போது பாட்டுக் கேட்க அது தாராளம். மழை இரைச்சலில் சிட்அவுட்டில் மட்டும் கூட்டிவைக்க முடிவது கூடுதல் வசதி.

ஒரு சிறு எச்சரிக்கை. இப்போது ரிசீவர் முனையிலிருந்து வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 2 ஓம் காட்டும். கன்ட்ரோல் பொருத்திய பிறகு அளந்தால் இன்னும் குறைவாகக்கூடக் காட்டலாம். டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் மீட்டரின் நேர்மின்னோட்டத்தை அதிகம் தடுக்காது என்பதே காரணம். ஷார்ட் ஆகிவிட்டதென்று எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

சிட்அவுட் வரையிலான வயர் 20 மீட்டர் நீளம் இருக்குமானால், 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் போய்வரும் தடை 0.46 ஓம், 2.5 சதுர மி.மீ. கம்பியில் 0.28 ஓம். பைப்பில் இடமிருந்தால் இரண்டாவதையே இழுங்கள். 230 வோல்ட் வயர் ஓடும் பைப்பில் மட்டும் இதை நுழைக்கக் கூடாது. சிட்அவுட் பக்கத்து இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாமல் கனெக்டரில் இறுக்கச் சொல்லுங்கள். இடவப்பாதி மழையின் ஈரத்தில் வெறும் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.