ஞாயிற்றுக்கிழமையையும் லீவில் கழிக்கலாமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 26,000 ரூபாய். அப்பா இறந்து, காரியத்துக்காக ஊருக்குப் போனேன். சனிக்கிழமை ஷிப்ட் முடித்துப் பஸ் ஏறியவன், மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துவிட்டேன். 18 நாள் ஈ.எல். (சம்பளத்தோடு கூடிய ஈட்டிய விடுப்பு) எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். கணக்கில் 19 நாள் இருந்தது. ஆனால் முன்னும் பின்னும் நடுவிலும் வந்த 4 ஞாயிறுகளைச் சேர்த்து 22 நாள் என்று போட்டு, 3 நாளுக்கு 3,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். 'சாண்ட்விச் லீவ், கம்பெனி பாலிசி' என்கிறார் எச்.ஆர். அரசு வேலையில் இருக்கும் மச்சானும் நடுவில் வரும் ஞாயிறு லீவில்தான் சேரும் என்கிறார்.

பதில்: அப்பாவை இழந்து வந்தவரிடம் இப்படிக் கணக்குப் பார்த்திருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிடித்தது தவறு. 3,000 ரூபாயும் திரும்ப வரவேண்டும், 1 நாள் ஈ.எல். மீதியும் இருக்க வேண்டும்.

விடுமுறை நாள், நடுவில் வந்தாலும் சரி, இரு முனைகளில் வந்தாலும் சரி, ஈ.எல். என்கிற ஆண்டு விடுப்பில் சேராது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய புதிய தொகுப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. கம்பெனி பாலிசி சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. 20 நாள் உழைத்தால்தான் 1 நாள் ஈ.எல். சேருகிறது, ஒரு ஞாயிறுக்காக அதைக் கழிப்பது லேசான விஷயம் இல்லை.

மச்சான் சொன்னது அவருக்குப் பொருந்தும். அரசு ஊழியர் விடுப்பு விதியில், நடுவில் வரும் ஞாயிறு ஈட்டிய விடுப்பில் கழியும். உங்களுக்கு அந்த விதி இல்லை.

சரி, ஈ.எல். தீர்ந்து, எல்.ஓ.பி.யில் (சம்பளமில்லாத லீவில்) இன்னும் சில வாரம் தங்கியிருந்தால்? அங்கே பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டை. 3 நாளுக்கு 3,000 என்றால் 26,000-ஐ 26-ஆல் வகுத்திருக்கிறார்கள். அந்த 26-இல் ஞாயிறே கிடையாது. இல்லாத நாளுக்குச் சம்பளம் பிடிப்பது எப்படி? இவர்கள் கணக்குப்படி 30 நாள் மாதம் முழுக்க வராதவரிடம் 30,000 பிடிக்க வேண்டும். அவர் சம்பளமே 26,000! வேலைக்கு வரவேண்டிய நாளில் வராததுதான் 'வராமை'. பிடித்தமும் அந்த விகிதத்தைத் தாண்டக் கூடாது. 30-ஆல் வகுக்கும் கம்பெனியில் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக நிற்காது. அங்கே நியமனக் கடிதத்தையும் நிலையாணைகளையும் (கம்பெனியின் பணி விதிகள்) படித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

முதலில் எச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். எந்தெந்தத் தேதியை லீவாகக் காட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்; நான்கு ஞாயிறு தேதிகளையும் நீங்களே குறித்துக் கொடுங்கள். 15 நாளில் சரி செய்யாவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. உங்கள் பகுதி அதிகாரி யார் என்று அங்கே விசாரித்து மனுப் போடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். கையெழுத்தான லீவ் விண்ணப்பத்தின் அசலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.