புதிதாகக் கட்டிய கணினி கிளஸ்டரை வேலைக்கு விடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

செம்பனைத் தோட்டங்களின் டிரோன் படங்களை இணைத்து வரைபடமாக்க, ஒரே மாதிரியான எட்டுக் கணினிகளை, வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் கிளஸ்டராகக் கோத்திருக்கிறீர்கள். எல்லாம் ஆன் ஆகிறது, பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) போகிறது, அடுத்த வாரமே வேலையை ஏற்றலாமா என்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இதே வேலைக்கான கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவன் நான். தயவுசெய்து இப்போதே ஏற்றாதீர்கள்.

முதலில் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள். இரவு முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். அப்புறம் ஒரே அமைப்பில், கணக்குப் போடும் வேகத்தை அளக்கும் லின்பேக், ரேமின் வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் இரண்டையும் எட்டிலும் ஓட்டி, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எண் பெரிதா என்பது முக்கியமில்லை, எது பின்தங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீமில் ஒன்று மட்டும் பாதி வேகம் காட்டினால், ரேம் தப்பான ஸ்லாட்டில் இருந்து ஒற்றைச் சேனலில் (ஒரே பாதையில்) ஓடுகிறதோ என்று பாருங்கள். லின்பேக்கில் மட்டும் பின்தங்கினால் பெரும்பாலும் கூலர் சரியாக உட்காரவில்லை. அந்த ஒன்றை விட்டுவைத்தால், பங்கு பிரித்த வேலையில் மற்ற ஏழும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

நெட்வொர்க்குக்கு, அதன் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் போதும். கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 940 மெகாபிட் அளவில் வர வேண்டும். 94 வந்தால் கேபிளில் ஏதோ ஒரு ஜோடிக் கம்பி போயிருக்கும், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். பிங் இதைக் காட்டவே காட்டாது.

சரி, இனி எட்டையும் ஒன்றாக முழுச் சுமையில் ஓட்டுங்கள். குளிரான ராத்திரியில் ஓட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். நம் ஊர் மத்தியானத்தில், அவை நிரந்தரமாக இருக்கப்போகும் அதே அறையில், கதவைச் சாத்தி ஓட்டுங்கள். சூடு ஏறினால் சிபியூ தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் வெப்பநிலையோடு கடிகார வேகத்தையும் பதிவு செய்யுங்கள். மின்சாரத்தையும் கணக்குப் போடுங்கள்: ஒரு 13 ஆம்ப் பிளக் ஏறத்தாழ 3000 வாட்தான் தாங்கும். ஒவ்வொரு கணினியும் 400 வாட் இழுத்தால் எட்டுக்கும் சேர்த்து 3200. ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டவே கூடாது.

பலர் செய்யாமல் விடுவது ஒன்று உண்டு. சாயங்கால இடிமழையில் கரண்ட் போகும் ஊர் இது. வேலை ஓடும்போதே ஒரு கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள். வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்லர்ம் மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டு வேலையை வேறொன்றுக்கு மாற்றுகிறதா? பிறகு, முக்கியமான ஃபைல் எதுவும் இல்லாத நிலையில் மொத்தக் கரண்டையும் நிறுத்தி, மறுபடி போடுங்கள். பொது ஃபைல்களை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் எழுவதற்கு முன்பே மற்றவை எழுந்து, பகிர்ந்த ஃபோல்டர் கிடைக்காமல் வெறுமனே நிற்பது இங்கேதான் தெரியும்.

கடைசியாக, ஏற்கெனவே வரைபடம் சரிபார்த்து முடித்த ஒரு தோட்டத்தின் படங்களைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மரவரிசைகள் பழைய வரைபடத்தோடு பொருந்தினால் முதலாளியிடம் தேதி சொல்லலாம். எழுதிய எண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பாகம் மாற்றினாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்தாலும் திரும்ப ஓட்டி ஒப்பிட அவை வேண்டும்.