16 ஜிபி ராமா, நல்ல திரையா?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. டேலி, எக்செல், மின்னஞ்சல், அவ்வப்போது வீடியோ மீட்டிங். ராத்திரி நானும் மகளும் அதிலேயே படம் பார்ப்போம். 55,000 ரூபாய்க்குள் ஒரு லேப்டாப் வேண்டும். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று 15.6 அங்குலம், ரைசன் 5 7520யூ, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., விலை 47,000. இன்னொன்று 14 அங்குலம், கோர் ஐ5 1334யூ, 8 ஜிபி ராம், அதே 512 ஜிபி, விலை 53,000. "திரை பெரிசு, ராம் டபுள், விலையும் 6,000 கம்மி, முதல்லதையே எடுங்க மேடம்" என்கிறார் கடைக்காரர். எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டு நாள் பொறுங்கள். 50,000 ரூபாய் வாக்கில் விற்கும் எந்த லேப்டாப்பிலும் தயாரித்தவர்கள் ஏதாவது ஓர் இடத்தில் கையைச் சுருக்கியிருப்பார்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் விஷயங்களில் அதைச் செய்ய மாட்டார்கள், அவற்றைப் பார்த்துத்தானே நாம் வாங்குகிறோம். சுருக்கிய இடம் நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில் நடுவில் எங்கோ இருக்கும். நீங்கள் அனுப்பிய இரண்டு மாடல் எண்களையும் போட்டுப் பார்த்தேன்.

முதலாவதில் கைவைத்தது திரையில். 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று ஒரு வரி இருக்கிறது. நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. 250 என்றால் ராத்திரி அறைக்குள் போதும். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எக்செல் கட்டங்களின் மெல்லிய கோடுகளைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்தது நிறம். என்டிஎஸ்சி என்பது திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல். இன்று நாம் பார்க்கும் இணையப் பக்கங்கள், சாதாரண வீடியோக்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுக்குள் செய்யப்பட்டவை. அந்த முழு அளவு என்டிஎஸ்சி கணக்கில் சுமார் 72 சதவீதம். 45 சதவீதம் மட்டும் காட்டும் திரையில் மூன்றில் இரண்டு பங்கு நிறம்கூட வராது. சிவப்புப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும், முகங்கள் வெளிறித் தெரியும். இரண்டாவது லேப்டாப்பில் 300 நிட்ஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி. 2019-ல் நான் விலையை மட்டும் பார்த்து ஒரு மங்கலான திரையை வாங்கி நான்கு வருடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாடல்களில் ராமை (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்) பிறகு கூட்டலாம், எஸ்.எஸ்.டி.யை (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) மாற்றலாம். நாள் முழுக்கக் கண் பதிகிற திரையைப் பிறகு மாற்றுவது கட்டுப்படியாகாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

படத்தை எப்போதும் டிவியில் இணைத்துத்தான் பார்ப்பீர்கள் என்றால் இந்தக் குறையின் எடை பாதியாகிவிடும். நீங்கள் லேப்டாப்பிலேயே பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதால் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையா என்பதையும் கவனியுங்கள். டிஎன் வகையாக இருந்தால் பக்கவாட்டில் இருப்பவருக்கு நிறம் திரிந்துவிடும்.

சரி, புராசஸர். "ரைசன் 5-ம் ஐ5-ம் ஒன்றுதான்" என்று பலரும் சொல்வார்கள். 5-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. ரைசன் 7000 வரிசை லேப்டாப் புராசஸர்களில் மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்லும். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் முதன்முதலாக வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர் (கோர் என்பது புராசஸருக்குள் வேலையைச் செய்யும் பிரிவு). 7530 என்றிருந்தால் ஜென் 3, ஆறு கோர். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், மெஷினே வேறு. ஐ5 1334யூ-வில் வேகமான கோர் இரண்டு, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர் எட்டு, மொத்தம் பத்து. டேலிக்கு 7520யூ தாராளமாகப் போதும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்துகொண்டே ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள எக்செல் கோப்பைத் திறக்கும்போது வித்தியாசம் கைக்கே தெரியும். நான்கைந்து வருடம் வைத்திருக்கப்போகும் பொருளில் இந்த இடைவெளி வருடத்துக்கு வருடம் கூடத்தான் செய்யும்.

இரண்டாவதில் கையைச் சுருக்கியது ராமில். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3, 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பிரவுசர், டேலி, மீட்டிங் என்று ஏறினால் 8 ஜிபி மூச்சுமுட்டும். உங்கள் கடைக்காரர் 16-ஐச் சொன்னது சரியான அக்கறைதான். ஆனால் இந்த மாடலில் 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. அதே வகையில் இன்னொரு 8 ஜிபி குச்சியைச் செருகினால் 16 ஆகிவிடும். கூடவே இன்னொரு நன்மையும் உண்டு: இந்த ஐ5-க்குள் இருக்கும் கிராபிக்ஸ் இரண்டு குச்சி இருந்தால்தான் முழுத் திறனில் ஓடும். ஒற்றைக் குச்சியில் விண்டோஸ் அந்தக் கிராபிக்ஸின் பெயரை வெறும் யூஎச்டி என்று காட்டும், இரண்டு போட்டதும் ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயரே மாறும். முதலாவதில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. இன்றைக்கு 16 என்றால் என்றைக்கும் 16தான். ராம் விலை ஏறி இறங்கும் சரக்கு. கடையில் விசாரித்துவிட்டு, 55,000-ஐத் தாண்டினால் மூன்று நான்கு மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். ஸ்லாட்டைத் திறந்தால் வாரண்டி போகாது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது லேப்டாப்பில் உங்களை உண்மையிலேயே தொந்தரவு செய்யப்போவது ஒன்று உண்டு. 14 அங்குல மாடலில் வலது ஓரம் எண் பலகை கிடையாது. நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவர்களுக்கு அந்தப் பலகைதான் கை. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி-யில் செருகும் தனி எண் பலகை கிடைக்கிறது, வீட்டு மேசையில் அது போதும். வெளியூர் போகும்போதும் நிறைய எண்கள் தட்ட வேண்டியிருக்கும் என்றால், இதே அளவு திரைத்தரம் உள்ள 15.6 அங்குல மாடல் ஒன்றைத் தேடச் சொல்வேன்.

பேட்டரியை மணிக்கணக்கில் பார்க்காதீர்கள், அதில் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று சொல்லும் வாட் ஹவரில் பாருங்கள். முதலாவது 42, இரண்டாவது 50. இந்த வகை லேப்டாப் எழுத்து வேலைக்கு 8 முதல் 10 வாட் வரை இழுக்கும். வகுத்துப் பார்த்தால் முதலாவது நாலரை மணி நேரம், இரண்டாவது ஐந்தரை. மின்தடை வந்தால் ஒரு மணி நேரம் பெரிய விஷயம். அப்புறம், சர்வீஸ் சென்டர் கரூரிலேயே இருக்கிறதா, இல்லை திருச்சிக்கோ கோவைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். ஆள் வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி இருந்தால் அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

என் பதில் இரண்டாவது, எண் பலகை ஏற்பாட்டோடு. பணம் கட்டும் முன் உங்கள் அலுவலக எக்செல் கோப்பு போன்ற ஒரு மாதிரிக் கோப்பையும், இருட்டுக் காட்சி உள்ள ஒரு வீடியோவையும் பென் டிரைவில் கொண்டுபோங்கள். கடையில் ஓடும் பளபள விளம்பரப் படத்தை வைத்துத் திரையை எடைபோட முடியாது. கோப்பைத் திறந்து பத்து நிமிடம் தட்டச்சு செய்யுங்கள். வீடியோவைப் போட்டு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இருட்டில் ஆள் தெரிகிறதா, வசனம் காதில் தெளிவாக விழுகிறதா என்று அவளிடமே கேளுங்கள்.