சீருடையைக் கழற்றிய பின்: விமானத் தொழில்நுட்பர்களுக்கான கேள்வி – பதில்

விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்தும் பாதுகாப்பு ஆய்வகங்களிலிருந்தும் வெளியே வருவோர் அனுப்பிய கேள்விகளில், வடசென்னையிலிருந்து வந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். விமானப் பராமரிப்பு, சுழல் இயந்திரங்கள், மின்னணு ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் (விமான உடலமைப்பைப் பராமரிப்பவர்) ட்ரேடில் சார்ஜென்டாக இருக்கிறேன். 20 ஆண்டு முடிந்து அடுத்த வருடம் டிஸ்சார்ஜ். இத்தனை வருட அனுபவத்துக்கு ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸ் நேரடியாகத் தருவார்களா? — வாசகர், வியாசர்பாடி

பதில்: தர மாட்டார்கள். ஆனாலும் உங்கள் அனுபவம் வீண்போகாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்-66 விதிப்படி உங்கள் ட்ரேடுக்குப் பொருந்துவது பி1.1, அதாவது டர்பைன் இன்ஜின் விமானம். புரொபல்ஷன் (இன்ஜின்) ஃபிட்டருக்கும் அதுவே. எலெக்ட்ரானிக்ஸ் ட்ரேடுக்காரர் பி2 (விமான மின்னணு) பக்கம் போகலாம். தேர்வில் விலக்கு கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். டி.ஜி.சி.ஏ. தேர்வுத் தளத்தில் பதிந்து கம்ப்யூட்டர் நம்பர் (தேர்வர் எண்) வாங்கிக்கொண்டு, மாட்யூல்களை (பாடத் தேர்வுகளை) பணியில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ்.

உங்களைப் போன்றவர்கள் 6, 7, 11 ஆகிய மாட்யூல்களில் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. பொருள்கள், பட்டறைப் பழக்கம், விமான அமைப்பு எல்லாம் கைக்குப் பழகியவை. இடறுவது 10-ல், அதாவது சிவில் விமானச் சட்டத்தில். படையில் யார் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்ற ஏற்பாடு வேறு, இங்கே வேறு. அதனால் 10-ஐக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே படிப்பது நல்லது.

அடுத்தது அனுபவக் கணக்கு. படையில் பார்த்த வேலையை ஏற்பார்கள். அதோடு சிவில் பராமரிப்புச் சூழலில் பி1, பி2-வுக்குக் குறைந்தது 12 மாதமும், எளிய வேலைகளுக்கான ஏ பிரிவுக்கு 6 மாதமும் கூடுதலாகக் காட்ட வேண்டும். அதற்கு சி.ஏ.ஆர்-145 விதிப்படி பராமரிப்பு அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர வேண்டியிருக்கும். அந்த ஒரு வருடச் சம்பளம் உங்கள் கடைசிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பென்ஷன் இருப்பதால்தான் அந்த வருடத்தைத் தாண்ட முடியும். மீனம்பாக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஓசூர் ஹேங்கர் பக்கமும் பாருங்கள். வியாசர்பாடியை விட்டு வெளியூரில் தங்க வேண்டிவரும் என்பதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

பலருடைய விண்ணப்பம் படுப்பது அனுபவச் சான்றிதழில். "20 ஆண்டு போர் விமானப் பராமரிப்பில் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியை வைத்து எந்த அதிகாரியும் எதையும் சரிபார்க்க முடியாது. தேதி, விமான வகை, செய்த வேலை, ஏ.டி.ஏ. (விமான அமைப்புகளுக்கான பொது எண் முறை) அத்தியாய எண், மேற்பார்வையாளர் கையெழுத்து என்று வேலை வேலையாகப் பட்டியல் வேண்டும். லேண்டிங் கியர் என்றால் 32, ஹைட்ராலிக்ஸ் 29, ஃபிளைட் கன்ட்ரோல் 27. எஃப்-700 (விமானப் பராமரிப்புப் பதிவேடு) பதிவுகள் யூனிட்டோடு நின்றுவிடும். வெளியே வந்தபின் அவற்றைக் கேட்டு வாங்க வழியில்லை. ஆகவே பிரிவின் இன்ஜினியரிங் அதிகாரி ஒப்புதலோடு, வெளியே காட்டத்தக்க வடிவில், இப்போதே தயாரித்து வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுக்குள் செய்த வேலைதான் எண்ணிக்கையில் சேரும். கடைசிச் சில வருடம் ஸ்டோர்ஸிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முடிந்தால் கடைசி வருடத்தையாவது ஃபிளைட் லைனில் கழியுங்கள்.

லைசென்ஸ் கிடைத்ததும் ஏ320-க்குக் கையெழுத்துப் போட முடியாது. அந்த விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும் நிறுவனத்தின் அங்கீகாரமும் வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் ஹேங்கர் வாசலிலேயே விட்டுவிடுங்கள். படையில் அவசரத்துக்குப் பக்கத்து விமானத்தில் பாகத்தைக் கழற்றி மாட்டுவது உண்டு. சிவிலிலும் செய்வார்கள். ஆனால் கழற்றிய பாகத்துக்குச் சான்றுத் தாள் இல்லையென்றால், அது பளபளவென்று இருந்தாலும் ஸ்கிராப்தான். டெக்லாகில் (விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில்) எழுதாத வேலை செய்யாத வேலை.

கேள்வி: புரொபல்ஷன் ஃபிட்டராக இருந்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஊரை விட்டு நகர முடியாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் என் வேலைக்கு மதிப்பு உண்டா? — வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நிறையவே உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள் எல்லாமே சுழல் இயந்திரங்களை நம்பி ஓடுபவை. பேசின் பிரிட்ஜில் 30 மெகாவாட் கேஸ் டர்பைன்கள் 4 நிற்கின்றன. அங்கே நிரந்தர வேலை அரசுத் தேர்வு வழியாக மட்டுமே. உங்களுக்கு நடைமுறையில் திறக்கும் கதவு, ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலை எடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களும் இயந்திரம் விற்ற கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுகளும்.

போரோஸ்கோப் (இயந்திரத்துக்குள் பார்க்கும் கருவி), பிளேடு பரிசோதனை, டார்க் (போல்ட்டை முறுக்கும் அளவு) ஒழுங்கு, டூல் கணக்கு ஆகியவற்றில் அங்கிருக்கும் பலரைவிட நீங்கள் மேலே. கற்க வேண்டியதும் இருக்கிறது. விமான இன்ஜினில் பால், ரோலர் பேரிங்குகளைத்தான் பார்த்திருப்பீர்கள். ஆலையின் பெரிய இயந்திரங்களில் வெள்ளை உலோகம் பூசிய ஜர்னல் பேரிங், டில்டிங் பேட் பேரிங். அங்கே தண்டின் அசைவைப் பிராக்சிமிட்டி புரோப் (தொடாமல் அளக்கும் கருவி) மைக்ரானில் காட்டும். சிறிய பம்புகளில் உறையின் அதிர்வை வினாடிக்கு மில்லிமீட்டரில் எடுப்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

அலைன்மென்ட்தான் பெரிய இடைவெளி. மோட்டாரையும் பம்பையும் கப்ளிங்கில் நேர்ப்படுத்தும் வேலை படையில் அநேகமாக வந்திருக்காது. ஆலையில் அது அன்றாட வேலை. குளிர்ந்த நிலையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனால் மறுநாள் சீல் ஒழுகும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். பம்பின் மைய உயரம் அரை மீட்டர், சூடு 60 டிகிரி கூடுகிறது என்றால் தண்டு சுமார் 0.36 மி.மீ. மேலே ஏறும். அந்த அளவை முன்கூட்டியே கணக்கிட்டு மோட்டாரை உயர்த்தி வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் கால்களில் சாஃப்ட் ஃபுட் (சரியாகப் படியாத கால்) இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு போல்ட்டைத் தளர்த்தும்போது முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யுங்கள். குழாய் இழுக்கிறதா என்று ஃபிளாஞ்சை (குழாய் இணைப்பை) கழற்றிப் பார்க்காமல் அலைன்மென்ட் பார்க்கும் லேசர் கருவியை வெளியே எடுப்பது வீண் வேலை.

ஐ.எஸ்.ஓ. 18436-2 அதிர்வுப் பகுப்பாய்வுச் சான்றிதழில் முதல் பிரிவு, பிறகு இரண்டாம் பிரிவு என்று வாங்குங்கள். இந்த வட்டாரத்தில் உங்கள் பணத்துக்கு ஏற்ற படிப்பு அதுதான் என்பது எங்கள் கருத்து. விமான எரிபொருள் டாங்குக்குள் இறங்கி வேலை பார்த்திருந்தால் விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, வாயு அளந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும், வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஆலையின் பெர்மிட் (வேலை அனுமதி) முறைக்கு அப்படியே பொருந்தும்.

கேள்வி: படையில் விரிசல் கண்டறியும் டை பெனட்ரன்ட் (சாயத் திரவம்), எடி கரன்ட் (சுழல் மின்னோட்டம்) சோதனை செய்து சான்றிதழும் வைத்திருக்கிறேன். காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் அது செல்லுமா? — வாசகர், திருவொற்றியூர்

பதில்: படிப்பும் மணிக்கணக்கும் செல்லும். சான்றிதழ் அப்படியே செல்லாது. விமானத் துறையின் நாஸ்-410 போலவே, வெளியே பரவலாக இருக்கும் எஸ்.என்.டி-டி.சி-1ஏ முறையும் முதலாளி தரும் சான்றுதான். வேலையை விட்டால் சான்றும் முடிந்தது. புதிய நிறுவனம் தன் எழுத்து நடைமுறைப்படி மறுபடி தேர்வு வைக்கும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால், ஆளோடு கூடவே வரும் ஐ.எஸ்.ஓ. 9712 இரண்டாம் நிலைச் சான்று வாங்குங்கள். இந்திய நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங் (பொருளைச் சேதப்படுத்தாத சோதனை) சங்கத்தின் தலைமையகம் கிண்டியில்தான் இருக்கிறது. நீங்கள் ஹேங்கர் இருட்டில் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் திரவத்தைப் பார்த்தவர். இங்கே வெயிலில், வெல்டிங் மீது, சிவப்புச் சாயம். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) முறைப்படி உலோகத்தின் சூடு 5 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எண்ணூரின் மே மாத மதியத்தில் தகடு அதைத் தாண்டிவிடும். திரவம் காய்ந்து, விரிசல் இருந்தும் காட்டாது. காலை 8 மணிக்குள் முடிப்பதற்கோ, நிழல் போடுவதற்கோ ஃபோர்மேனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ரேடியோகிராஃபி ஆசை இருந்தால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பயிற்சி இல்லாமல் கதிர்வீச்சு உமிழும் இரிடியம் கேமராவைத் தொடவே கூடாது.

கேள்வி: ஆவடியில் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் ஏவியானிக்ஸ் (விமான மின்னணு) சோதனைப் பொறியாளராக ஒப்பந்தப் பணி. ரயில் அல்லது லாரித் துறைக்கு மாறலாமா? — வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாக மாறலாம். அடிப்படைச் சிந்தனை ஒன்றே. ஒரு பிழையால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டு, அதற்கேற்ப மென்பொருளைச் சோதிக்கும் கடுமையை நிர்ணயிப்பது. விமான மென்பொருளுக்கான டி.ஓ-178சி-யில் ஏ முதல் இ வரை நிலைகள், ரயிலில் எஸ்.ஐ.எல். (பாதுகாப்பு நிலை) 4 வரை; வாகனத்தில் ஐ.எஸ்.ஓ. 26262-இன் ஏஎஸ்ஐஎல் ஏ முதல் டி வரை. கவச் ரயில் பாதுகாப்பு அமைப்பு எஸ்.ஐ.எல்-4 தரத்தில் கட்டப்பட்டது. தேவைப் பட்டியலிலிருந்து சோதனை வரை ஒவ்வொரு வரியையும் இணைத்துக் காட்டத் தெரிந்தவர்கள் அங்கே வேண்டும்.

விவரங்கள்தான் மாறும். 28 வோல்ட் டி.சி.யும் 400 ஹெர்ட்ஸும் பழகிய உங்களுக்கு ரயிலில் 110 வோல்ட் பேட்டரி. ரயில் மின்னணுக்கான ஈ.என். 50155 படி அது 77-லிருந்து 137.5 வரை ஆடினாலும் மின்னணுப் பெட்டி வேலை செய்ய வேண்டும். விமானக் கருவிகளை இணைக்கும் 1553 பஸ்ஸில் (தகவல் தடத்தில்) கன்ட்ரோலர் கேட்டால்தான் மற்றவை பேசும். லாரியின் ஜே1939-இல் எல்லா யூனிட்டும் தானாகவே பேசும், எண் குறைந்த செய்தி முந்தும். பஸ் நிரம்பினால் தாமதம் எங்கே பிறக்கிறது என்று புரிய, மலிவான இரண்டு கேன் (ஜே1939-க்கு அடிப்படையான தகவல் தடம்) போர்டுகளை வாங்கி வீட்டில் இணைத்துப் பார்த்தாலே போதும்.

ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தாலும் ஆள் எடுப்பது ரயில்வே தேர்வு வழியே. அந்தத் தொழிற்சாலைக்கு மின்னணுப் பெட்டிகள் தரும் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பியுங்கள். லாரி என்றால் வெள்ளிவாயல்சாவடியில் அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. நேர்காணலில் ஒரு யூனிட்டின் விலையைப் பற்றிக் கேட்பார்கள். 10 பெட்டி செய்யும் இடத்தில் யாரும் கவலைப்படாத 50 ரூபாய் கனெக்டர், லட்சம் வண்டியில் 50 லட்ச ரூபாய்.

கேள்வி: பயோடேட்டாவில் எதுவரை எழுதலாம்? — வாசகர், கொளத்தூர்

பதில்: 1923-ஆம் ஆண்டு அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் உங்களைத் தொடரும். எத்தனை விமானம், எந்தத் தளம், எத்தனை பறக்கும் நிலையில், என்ன ஆயுதம், என்ன குறைபாடு என்பவை வேண்டாம். செய்த வேலையின் வகை, குழுவில் எத்தனை பேர், கையாண்ட கருவி, முடித்த படிப்பு ஆகியவை எழுதலாம். "டி.எஸ்.எஸ். பொறுப்பாளர்" என்று போட்டால் எச்.ஆர். பெண்ணுக்குப் புரியாது. "தினசரிப் பராமரிப்புக் குழுத் தலைவர், 14 பேர்" என்று போடுங்கள். வேலை செய்யும் விமானத்தின் பின்னணியில் எடுத்த படத்தை லிங்க்ட்இன்னில் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வயது 39. அரசு வேலைக்கு இனி வழி உண்டா? — வாசகர், காசிமேடு

பதில்: உண்டு. மத்திய அரசின் குரூப் சி பணிக்கு, உங்கள் வயதிலிருந்து சேவைக் காலத்தையும் கூடுதலாக 3 ஆண்டையும் கழிப்பார்கள். 20 வருடம் சேவை என்றால் கணக்கில் உங்களுக்கு வயது 16. அங்கே முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களின் குரூப் சி-யில் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. டிஸ்சார்ஜுக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கவனம்: கிடைத்த முதல் அரசு வேலையில் அவசரப்பட்டுச் சேர்ந்துவிட்டால் ஒதுக்கீட்டுச் சலுகை அதோடு தீர்ந்தது. சேர்வதற்கு முன்பே வேறு எந்தெந்தப் பணிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று புதிய அலுவலகத்தில் தேதியோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்தால் அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் சலுகை நீடிக்கும்.