ஜூனில் வளையலை அடகு வைக்காமலிருக்க ஜனவரியில் என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். இப்போது திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கைக்கு வருவது 31,000. நான் மருந்துக் கடையில் 11,000 வாங்குகிறேன். பிள்ளைகள் ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் 'மாதம் 5,000 சேமிக்க வேண்டும்' என்று காலண்டரில் எழுதி வைக்கிறோம். இரண்டு மாதம் நடக்கும், அப்புறம் நின்றுவிடும். போன ஜூனில் பள்ளிக்கூடத்துக்காக என் வளையலை 40,000க்கு அடகு வைத்தோம். மாதம் 600 வட்டி மட்டும் கட்டுகிறோம், மீட்கவில்லை. தெரிந்த முகவர் ஒருவர் 'மாதம் 4,000க்குப் பாலிசி போட்டால் கட்டாயச் சேமிப்பாகிவிடும்' என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா நகைச் சீட்டில் சேரச் சொல்கிறார். கணினியில் கணக்கு எழுதும் டேலி வகுப்பில் சேர எனக்கு ஆசை, அதுவும் தள்ளிப்போகிறது. இந்த ஆண்டாவது உருப்படியாக நடக்க என்ன இலக்கு வைக்கலாம்? — வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊதாரியும் இல்லை, உங்களுக்கு மன உறுதி குறைவும் இல்லை. இரண்டு மாதம் 5,000 எடுத்து வைக்க முடிந்த வீட்டில் மாதச் செலவு கட்டுக்குள்தான் இருக்கிறது. உங்களைக் கவிழ்ப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள். அவை மாதக் கணக்கில் எங்கேயும் எழுதப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் திடீரென்று வந்ததுபோல வந்து நிற்கின்றன. தீபாவளி திடீரென்றா வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவரோடு உட்காருங்கள். போன ஆண்டுக் காலண்டரை எடுத்து, மாதம் மாதமாகப் புரட்டி, சம்பளத்தில் அடங்காமல் போன செலவை மட்டும் எழுதுங்கள். நீங்கள் தொகை எல்லாவற்றையும் எழுதவில்லை, அதனால் உங்களைப் போன்ற வருமானமுள்ள வீடுகளில் நான் பார்க்கும் கணக்கை வைத்துச் சொல்கிறேன், உங்கள் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 40,000. தீபாவளி 12,000. பொங்கல் 4,000. வண்டிக்கு இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,500. மொய்யும் ஊர்த் திருவிழாவும் 15,000. கண்ணாடி, பல், காய்ச்சல் என்று 6,000. கூட்டினால் 81,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் கிட்டத்தட்ட 6,800.

இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 5,000 எடுத்து வைத்தால் சேமிக்கிறோம் என்று நினைத்தீர்கள். கடன் வாங்காமல் அதே இடத்தில் நிற்பதற்கே 6,800 வேண்டும். ஆக உங்கள் முதல் இலக்கு சேமிப்பு அல்ல, இந்த 6,800ஐ ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு மறுநாளே ஒதுக்குவது. இதைச் சேமிப்பு என்று பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதீர்கள். செலவாகப் போகிற பணம் இது, தேதி மட்டும் பின்னால் இருக்கிறது.

எங்கே போடுவது? மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தபால் நிலைய ஆர்.டி. என்று எல்லோரும் சொல்வார்கள். வட்டி 6.7 சதவீதம், நல்ல திட்டம்தான், ஆனால் இந்தப் பணத்துக்கு அல்ல. அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்று ஆண்டுக்கு முன்னால் முடிக்க விடமாட்டார்கள். ஜூனில் வேண்டிய பணத்தை அங்கே பூட்டிவிட்டு மறுபடி அடகுக் கடைக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். தபால் நிலையத்திலேயே சாதாரணச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 500 ரூபாய் இருப்பு போதும், வட்டி 4 சதவீதம். பத்தாம் தேதிக்குள் கட்டிவிட்டால் அந்த மாத வட்டி கிடைக்கும். ஏடிஎம் அட்டை வாங்காதீர்கள், போனில் இணைக்காதீர்கள். பணம் எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் நின்று சீட்டு எழுதித்தான் எடுக்க வேண்டும் என்றிருக்கட்டும். 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்று அங்கே சொல்லும்போது கோபம் வரும், எனக்கும் வரும். மருந்துக் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வரும் உங்களைப் போன்றவர்களை எத்தனை வருடமாக இப்படித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்! ஆனாலும் அந்தக் கணக்கில் யாரும் உங்களுக்குத் தெரியாமல் கைவைக்க மாட்டார்கள். ஒழுங்காகப் பணம் போகிறதா என்பதுதான் இங்கே முக்கியம், வட்டி அடுத்த விஷயம்.

இப்போது முகவரிடம் வருகிறேன். 'கட்டாயச் சேமிப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மாதம் 4,000, அதாவது ஆண்டுக்கு 48,000. உங்கள் வீட்டில் மார்ச்சில் பணம் நின்றுவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைப் பாலிசியில் முதல் ஆண்டுப் பிரீமியத்தை முழுதாகக் கட்டாமல் நிறுத்தினால் கட்டிய பணம் திரும்பாது. மாதத் தவணைக்கு வெறும் 15 நாள்தான் சலுகைக் காலம். யாருக்குப் பணம் நிற்குமோ அவர்களிடமே இதைக் கொண்டுபோய் விற்கிறார்கள். முகவர் ஒரு தாளைக் காட்டுவார். அதில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்கு இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுமே உத்தரவாதம் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கும். அவர் விரல் 8 சதவீதப் பத்தியில்தான் நிற்கும். இப்படிப்பட்ட பாலிசிகளில் முடிவில் கைக்கு வருவது பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதத்தை ஒட்டித்தான். அதுவும் பதினைந்து, இருபது வருடம் விடாமல் கட்டினால்.

முகவர் மட்டும் இல்லை. என் அம்மா ஓய்வுப் பணத்தில் 2 லட்சத்தை வைப்புநிதியில் போட ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். வீட்டுக்கு வந்து மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டியது டெபாசிட் ரசீது இல்லை, காப்பீட்டு விண்ணப்பத்தின் நகல். 'இதுவும் டெபாசிட் மாதிரிதாம்மா, வட்டி கூட வரும்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஐந்து வருடம், ஒவ்வொரு வருடமும் 2 லட்சம் கட்ட வேண்டிய பாலிசி அது. அம்மாவின் வயது அப்போது 66. எழுதிக் கொடுத்து, நடையாக நடந்து, பணத்தைத் திரும்ப வாங்கினோம். அந்த ஊழியரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை கிளைக்கு இவ்வளவு பாலிசி என்று மேலே இருந்து நெருக்குகிறார்கள். வரி சேமிப்புக் காலம், புத்தாண்டுத் தீர்மானக் காலம், இரண்டும் ஒன்றாக வருவதால் இந்த மூன்று மாதமும் அவர்களுக்கு அறுவடை. நீங்கள் டெபாசிட்டோ நகைக்கடனோ என்று எதற்காகக் கிளைக்குப் போனாலும், நீட்டுகிற தாளில் 'காப்பீடு', 'பிரீமியம்', 'பாலிசி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். கடனுக்கோ லாக்கருக்கோ பாலிசி கட்டாயம் என்று யாராவது சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள்.

காப்பீடு வேண்டாமா என்றால், வேண்டும். உங்கள் கணவர் பெயரில் 50 லட்சத்துக்கு வெறும் டெர்ம் பாலிசி. இறந்தால் குடும்பத்துக்குப் பணம், உயிரோடிருந்தால் ஒன்றும் வராது. அப்படிப்பட்டதுதான் மலிவு. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. அது எடுக்கும்வரை வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு என்று இரண்டு மத்திய அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. இருவரும் சேர்ந்துவிடுங்கள். இவற்றை யாரும் வீடு தேடி வந்து விற்க மாட்டார்கள், கமிஷன் அவ்வளவு குறைவு.

அடுத்து நகைச் சீட்டு, அதாவது நகைக் கடையில் மாதாமாதம் பணம் கட்டி முடிவில் நகையாக வாங்குவது. அது ஏன் 11 மாதம் என்று கேட்டிருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தந்து நேர் செய்யாவிட்டால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட் வாங்கினால் கட்டுப்பாடுகள் வரும். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கால அளவு. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இதற்குக் கிடையாது. 2023இல் உங்கள் திருச்சியிலேயே ஒரு நகைக் கடை பூட்டப்பட்டு, பணம் கட்டியவர்கள் வாசலில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நாணயமான கடையாகவே இருந்தாலும், சலுகை பெரும்பாலும் சேதாரத்தில்தான் கிடைக்கும், பணமாகக் கிடைக்காது. ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைக் கேட்டால் 'நகையாகத்தான் தர முடியும்' என்பார்கள். அடகில் ஒரு வளையல் இருக்கும்போது புதிதாக ஒன்றுக்குப் பணம் கட்டுவது உங்களுக்கு இப்போது தேவையில்லை. பதிவில்லாத ஏலச் சீட்டு, தீபாவளிச் சீட்டு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வளையலை என்ன செய்வது? 40,000க்கு மாதம் 600 என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி ஏறக்குறைய பாதிதான். மீட்டு அங்கே மாற்றி வையுங்கள். மாதம் 300 மிச்சம். மீட்க ஒரு நாள் கைமாற்றுதான் வேண்டியிருக்கும்.

6,800ஐக் குறைக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். தீபாவளித் துணியை 4,000 குறைக்கலாம், மாதத்துக்கு 330 இறங்கும். போன் ரீசார்ஜ் 28 நாள் கணக்கென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறீர்கள். மாதத் தேதிக் கணக்கில் வரும் திட்டங்களும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் கீழ் அடுக்கிலிருந்த சலுகையும் சேர்ந்து போகும்.

ஒன்றில் மட்டும் கைவைக்காதீர்கள், மொய். சிக்கனம் என்று பேசுகிறவர்கள் முதலில் வெட்டச் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு உங்கள் ஊர் தெரியாது. ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு அல்ல, வட்டியில்லாக் கடன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்து வாங்கியதை, அவரவர் முறை வரும்போது திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பாவிட்டால் உறவு மட்டும் போவதில்லை, அடுத்து உங்கள் வீட்டில் விருந்து வைக்கும்போது யாரும் வரமாட்டார்கள். ஆகவே மாமியார் வீட்டு மொய் நோட்டை வாங்கி வந்து பாருங்கள். யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறது, இந்த ஆடியில் யாருடைய முறை என்பது அதிலேயே தெரியும். வாங்கிய தொகையை 'கடன்' என்று எழுதுங்கள், அது முழுதாகப் பட்டியலில் இருக்கட்டும். அதற்கு மேல் சேர்த்து வைப்பது மட்டும்தான் உங்கள் விருப்பம், குறைப்பதானால் அதைக் குறையுங்கள். இன்னொன்று. உங்கள் வீட்டு முறை வந்து லட்சக்கணக்கில் மொய் விழுந்தால், மறுநாளே முகவர் வாசலில் நிற்பார். அந்தப் பணம் முழுக்கத் திருப்பித் தர வேண்டிய கடன். அதைக் கொண்டு இருபதாண்டுப் பாலிசி எடுத்தவர் ஒருவர், மூன்றாவது ஆண்டில் மொய் திருப்ப நிலத்தை ஒத்திக்கு வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆண்டு கொஞ்சம் இழுக்கும், மறைக்கவில்லை. ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் போட்டால் 34,000. அதில் பொங்கலுக்கு 4,000 போனால் ஜூனில் கையில் 30,000. பள்ளிக்கு 10,000 குறையும். அதற்காக இப்போதே, ஜனவரியிலேயே, பள்ளி அலுவலகத்தில் போய் இரண்டு தவணையாகக் கட்ட எழுதிக் கேளுங்கள். ஜூனில் கூட்டத்தோடு நின்று கேட்டால் மறுப்பவர்கள், ஜனவரியில் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

டேலி வகுப்பைத் தள்ளிப் போடாதீர்கள். பட்டியலில் பள்ளிக் கட்டணத்துக்கு அடுத்த வரியில் அதை எழுதுங்கள், இரண்டாம் தவணை கட்டியதும் சேர்ந்துவிடுங்கள். மருந்துக் கடையிலேயே பில், கணக்கு வேலை உண்டு, அந்த வேலைக்கு மாறினால் என்ன சம்பளம் என்று முதலாளியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். 11,000 சம்பளத்தில் இன்னும் எவ்வளவுதான் சுருக்க முடியும்?

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் முகவரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால், பதற வேண்டாம். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்வரை ரத்து செய்யலாம், சிறு கழிவு போகப் பணம் திரும்பும். கடிதத்தை முகவரிடம் கொடுக்காதீர்கள், அவர் 31ஆம் நாள்வரை பையில் வைத்திருப்பார். காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நீங்களே போய்க் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.